தலையங்கம் படித்தால் மறையும் கோடு

அண்ணாச்சி அனுப்பிய குரல்பதிவு அரை நிமிடம்கூட ஓடாது. "தம்பி, காலைல கம்ப்யூட்டரத் தெறந்ததும் கோடெல்லாம் ஒழுங்கா விழுது. சின்னச் சின்னச் செய்தியாப் படிச்சிக்கிட்டே போனா ஒரு கொறையும் இல்ல. தலையங்கம் ஒண்ணப் படிச்சி முடிச்சிட்டு அடுத்த பக்கம் போனா கோடே காணோம். அதுக்கப்புறம் எந்தப் பக்கத்துலயும் வரல. மூடித் தெறந்தா மறுபடி வருது. என்னன்னு பாருங்க."

பாளையங்கோட்டையில் அச்சகத்தில் கம்பாசிட்டராகச் சேர்ந்து, பின்னால் மெய்ப்புப் பார்ப்பவராகி, ஓய்வு பெற்றவர் அவர். அவருக்காகத்தான் ஒரு சின்ன பிரவுசர் எக்ஸ்டென்ஷன், தமிழில் உலாவி நீட்சி, எழுதிக் கொடுத்திருந்தேன். இணையப் பக்கத்தில் ஒரு சொல்லைத் தேர்ந்து, ரைட் கிளிக் செய்து சேமித்துக்கொண்டால், அதன் பிறகு எந்தப் பக்கத்தில் அந்தச் சொல் வந்தாலும் அதன் அடியில் மெல்லிய கோடு விழும். அவ்வளவுதான் அதன் வேலை. சொற்கள் எங்கெங்கே எப்படிப் புழங்குகின்றன என்று பார்ப்பது அவருடைய காலைநேரத் தவம்.

பிழையைச் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் "வேலை செய்யல" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அண்ணாச்சியின் பதிவில் எப்போது வருகிறது, எப்போது போகிறது, போனது எப்போது திரும்புகிறது என்ற மூன்றும் இருக்கின்றன. சின்னச் செய்தி, தலையங்கம் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாரே, அதில் நோயின் பெயரே இருக்கிறது. அன்றைக்கு எனக்கு அது கேட்கவில்லை. இன்றைக்கும் அந்தப் பதிவை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். குரோமின் எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தைத் திறந்தேன். டெவலப்பர் மோடு போட்டிருந்தால் ஒவ்வொரு நீட்சியின் கட்டத்திலும் சர்வீஸ் வொர்க்கர் என்று ஓர் இணைப்பு நிற்கும். நீட்சியின் பின்கட்டு அது. கண்ணுக்குத் தெரியாத வேலைகளெல்லாம் அங்கேதான் நடக்கும். இணைப்பை அழுத்தினால் டெவ்டூல்ஸ் திறக்கும். கன்சோலில் பின்கட்டு பேசுவதையெல்லாம் படிக்கலாம். திறந்து வைத்துக்கொண்டு ஒரு தலையங்கத்தை வரி விடாமல் படித்தேன். அடுத்த பக்கம் போனேன். கோடு இருந்தது. பத்து நிமிடக் கட்டுரையைப் படித்துவிட்டுப் போனேன். அப்போதும் இருந்தது. இப்படியே இரண்டு நாள். அவர் கணினியில் தினமும் போகிற கோடு என் கணினியில் ஒருமுறைகூடப் போகவில்லை.

மூன்றாம் நாள் டெவ்டூல்ஸை மூடிவிட்டு, எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தை மட்டும் ஓரமாக வைத்து, எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். சுமார் அரை நிமிடத்தில் சர்வீஸ் வொர்க்கர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு சின்னச் சொல் முளைத்தது: இன்ஆக்டிவ். பின்கட்டில் விளக்கு அணைந்துவிட்டது. அடுத்த பக்கத்தைத் திறந்தேன். கோடு இல்லை.

இதைவிட நயமான பிழையை நான் கண்டதில்லை. சர்வீஸ் வொர்க்கருக்கு 30 வினாடி வேலை எதுவும் வராவிட்டால் குரோம் அதை நிறுத்திவிடும். புதுப் பக்கம் திறந்தால், யாராவது செய்தி அனுப்பினால், மறுபடி எழுப்பும். ஆனால் அதற்கு டெவ்டூல்ஸ் திறந்திருந்தால் நிறுத்தவே நிறுத்தாது. ஆராய்பவருக்கு இடைஞ்சல் வரக் கூடாது என்று செய்த மரியாதை அது. அந்த மரியாதைதான் இரண்டு நாள் பிழையை என்னிடமிருந்து மறைத்தது. கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தவனுக்கு உறக்கம் எப்படித் தெரியும்? சன்னல் வழியாக, சத்தம் போடாமல் பார்த்தபோதுதான் தெரிந்தது.

மற்றது எளிது. சொற்பட்டியலை உலாவி தொடங்கும்போது ஒருமுறை வாசித்து, ஒரு மாறியில் போட்டு வைத்திருந்தேன். வொர்க்கர் நிற்கும்போது மாறிகளெல்லாம் அதோடு போய்விடும். மறுபடி எழும்போது கை வெறுங்கை. உலாவி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால் தொடக்க நிகழ்வு திரும்ப வராது; பட்டியலும் வராது. பக்கம் "என்னென்ன சொற்கள்?" என்று கேட்கும். வொர்க்கர் நேர்மையாக வெற்றுப் பட்டியலைக் கொடுக்கும். எந்தப் பிழைச் செய்தியும் இல்லை, சிவப்பு எழுத்து இல்லை. சின்னச் செய்திகளை அரை நிமிடத்துக்குள் ஒன்று மாற்றி ஒன்றாகப் படித்தால், ஒவ்வொரு பக்கமும் அதைத் தொட்டு விழிக்க வைத்துக்கொண்டே இருக்கும். தலையங்கத்தை அரை நிமிடத்தில் படிக்கிறவரா அண்ணாச்சி?

இந்த உறக்கத்தைச் சபிக்கிறவர்கள் உண்டு. 2021 ஜனவரியில் குரோம் 88இல் நீட்சிகளுக்கான புது விதிமுறையாக மேனிஃபெஸ்ட் வி3 வந்தது. அதற்கு முன், பின்னணிப் பக்கத்தை நாள் முழுக்க விழித்திருக்கச் சொல்லி வைத்துக்கொள்ளலாம். மாறியில் போட்டது போட்டபடி இருக்கும். அந்தப் பழக்கத்தில் எழுதியவர்களுக்குப் புது முறை கஷ்டம்தான். விளம்பரத் தடுப்பான்களை எழுதுகிறவர்களின் மனக்குறை வேறு, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் உறக்கத்தைப் பொறுத்தவரை நான் அதன் பக்கம். அண்ணாச்சியின் கணினி பழையது, நினைவகம் குறைவு. பத்து நீட்சிகள் பகலெல்லாம் உட்கார்ந்து அதைத் தின்பதைவிட, கூப்பிட்டால் வந்து வேலையை முடித்துவிட்டுப் போவது எவ்வளவோ மேல்.

அதை ஏற்றுக்கொண்டு பார்த்தால் அதன் ஒவ்வொரு மூட்டும் அழகாகத் தெரிகிறது. தனக்கு எந்தெந்த நிகழ்வு வேண்டும் என்பதை நிரலின் மேல்மட்டத்திலேயே, எதற்கும் காத்திராமல், சொல்லிவிட வேண்டும். வேறொன்று முடிந்த பிறகு சொல்லலாம் என்று தள்ளினால், எழுப்பியவன் வந்து கதவடியில் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விடுவான். உலாவி மூடும்வரை மட்டும் வேண்டியதைப் போட்டு வைக்க, வட்டில் எழுதாத தனிச் சேமிப்பிடம் ஒன்று குரோம் 102இல் வந்தது. வொர்க்கர் எத்தனை முறை தூங்கி எழுந்தாலும் அதில் வைத்தது கலையாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். குறித்த நேரத்தில் எழுப்பிவிடும் அலாரத்தின் மிகக் குறைந்த இடைவெளி முன்பு ஒரு நிமிடமாக இருந்தது. குரோம் 120இல் அதை 30 வினாடியாக்கினார்கள். தூங்கப் போகும் நேரமும் எழுப்பும் நேரமும் ஒரே அளவாகட்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட பொருத்தங்களைப் பார்க்கும்போது, நல்ல தச்சன் இழைத்த பெட்டியின் மூடி சத்தமில்லாமல் பொருந்துவதைப் பார்ப்பதுபோல் இருக்கும்.

ஃபயர்ஃபாக்ஸின் டீபக்கிங் பக்கத்தில் பின்னணி நிரலை நாமே நிறுத்திப் பார்க்க ஒரு பொத்தானே உண்டு. 30 வினாடி காத்திருக்க வேண்டாம். அந்தப் பொத்தானை வைத்தவர் அண்ணாச்சியின் தலையங்கத்தை அறிந்தவர் என்றே நினைத்துக்கொள்வேன்.

பிழை திருத்தியதும் அதற்கொரு சோதனை எழுதினேன். பப்பட்டியர் என்ற கருவி உலாவியைத் தானே ஓட்டும். ஒரு பக்கத்தைத் திற, கோடு இருக்கிறதா பார். வொர்க்கரை வேண்டுமென்றே நிறுத்து. இன்னொரு பக்கத்தைத் திற, கோடு இருக்கிறதா பார். சோதனைக்கு வைத்த பெயர் "தலையங்கம்".

நீட்சியில் பக்கத்துக்குள் ஓடும் துண்டு ஒன்றும் உண்டு. அதற்குக் கன்டென்ட் ஸ்கிரிப்ட் என்று பெயர். இதுவும் பக்கத்தின் சொந்த நிரலும் இருக்கிற இருப்பைச் சொல்ல நம் ஊரிலேயே ஒரு பேச்சு இருக்கிறது: ஒரே வீடு, இரண்டு அடுப்பு. கூடமும் திண்ணையும் பொது. பக்கத்தின் எழுத்து, படம், பத்தி எல்லாவற்றையும் இரண்டும் பார்க்கலாம், தொடலாம். ஆனால் அடுப்பு தனி. பக்கத்தின் நிரல் ஒரு மாறியில் என்ன வைத்திருக்கிறது என்று நீட்சிக்குத் தெரியாது, நீட்சி வைத்திருப்பது பக்கத்துக்குத் தெரியாது. இரண்டுபேரும் ஒரே பெயரில் மாறி வைத்துக்கொண்டாலும் மோதல் கிடையாது. கன்சோலின் மேல்விளிம்பில் சின்னக் கீழிறங்கு பட்டியல் ஒன்று இருக்கும். எந்த அடுப்பங்கரையில் நின்று பேசுகிறோம் என்பதை அங்கேதான் மாற்ற வேண்டும். புதிதாக வருகிறவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. மாறி இருக்கிறது என்று நிரல் சொல்லும், கன்சோல் இல்லையென்று சொல்லும்; அரை நாள் போய்விடும்.

பக்கத்துத் துண்டும் வொர்க்கரும் பேசிக்கொள்வது செய்தி அனுப்பித்தான். கேள்வி வந்ததும் உடனே பதில் சொல்ல முடிந்தால் சரி. சேமிப்பிடத்தில் தேடிப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றால், செய்தியை வாங்கும் பகுதி ட்ரூ என்று ஒரே ஒரு சொல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடர வேண்டும். "லைன்ல இருங்க, பாத்துச் சொல்றேன்" என்பதுதான் அதற்குப் பொருள். அதைச் சொல்ல மறந்தால் மறுமுனை ரிசீவரை வைத்துவிடும். பதில் வருவதற்குள் வாசல் மூடிவிட்டது என்று கன்சோலில் ஒரு வரி வரும். நாலு எழுத்தில் இத்தனை நாகரிகமான ஒரு சொல்லை நிரலில் வேறெங்கும் நான் எழுதியதில்லை.

இந்தக் கருவிகளுக்கு ஒரு பூர்வீகமும் உண்டு. பக்கத்துக்குள்ளேயே நின்று பிழை தேடும் வசதியை இணைய நிரலாளர்களிடம் பரவலாகக் கொண்டுபோய்ச் சேர்த்த ஃபயர்பக், 2006இல் ஜோ ஹெவிட் வெளியிட்டது, தானே ஒரு ஃபயர்ஃபாக்ஸ் நீட்சி. இன்றைக்கு எல்லா உலாவியிலும் கூடவே பிறந்ததுபோல் இருக்கிற ஆராய்ச்சிப் பலகை, ஒரு காலத்தில் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட விருந்தாளி.

கோடு போடுவதைப் பற்றிச் சொல்கிறேன். முதலில் நான் செய்த முறை, சொல்லைச் சுற்றி ஒரு உறை மாட்டி, உறைக்குக் கோடு கொடுப்பது. பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் பக்கத்தின் எழுத்தோட்டத்தை அங்கங்கே அறுத்து ஒட்டுகிற வேலை அது. பக்கத்தின் சொந்த நிரல் தான் வைத்த இடத்தில் தன் துண்டைத் தேடி வந்து, காணாமல் திகைக்கும். அதோடு, பக்கம் மாறுகிறதா என்று கவனிக்க நான் ஒரு காவல் போட்டிருந்தேன். புதிதாக வந்த பத்திகளுக்கும் கோடு வேண்டுமே. நான் உறை மாட்டுவதும் மாற்றம்தான். காவல் அதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடும், நான் மறுபடி உறை மாட்டுவேன், காவல் மறுபடி கூப்பிடும். பக்கம் அப்படியே உறைந்து நிற்கும்.

2022இல் குரோம் 105இல் வேறு வழி வந்தது. எந்தப் பத்தியில் எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை என்று மட்டும் உலாவியிடம் சொன்னால் போதும். அது கோட்டை மேலே வரைந்துவிடும். பக்கத்தின் ஓர் எழுத்தும் அசையாது. அறுப்பது கிடையாது, ஒட்டுவது கிடையாது, நான் போடும் கோட்டைக் கண்டு காவல் கூப்பிடுவதும் கிடையாது. இதை அண்ணாச்சியிடம் விளக்கியபோது உடனே பிடித்துக்கொண்டார்: "மூலப் பிரதிமேல மை படாம, டிரேசிங் பேப்பரப் போட்டுக் குறிக்கிற மாதிரி." அவர் காலத்தில் மூலப்படியில் கை வைப்பது பெரிய குற்றம். பிறர் பக்கத்துக்குள் நுழைகிற நீட்சிக்கும் அந்த ஒழுக்கம் வேண்டும்.

அடுத்த பதிவு ஒரு மாதம் கழித்து வந்தது. கொடி என்ற சொல்லைச் சேமித்திருந்தார். ஒரு பக்கத்தில் கோடு விழுகிறது, இன்னொரு பக்கத்தில் விழவில்லை. "ரெண்டையும் உத்துப் பாத்துட்டேன் தம்பி. ஒரே கொடிதான்." அறுபது ஆண்டு எழுத்து பார்த்த கண் ஒரே சொல் என்று சான்று சொல்கிறது. கணினி இரண்டு என்கிறது.

கன்சோலில் இரண்டு சொற்களையும் எழுத்து எழுத்தாக உடைத்து, ஒவ்வொன்றின் யூனிகோட் எண்ணையும் கேட்டேன். முதல் கொடி: 2965, 3018, 2975, 3007. இரண்டாவது கொடி: 2965, 3014, 3006, 2975, 3007. நான்கு எண்ணுக்கு எதிரே ஐந்து. 2965 க, 2975 ட, 3007 இகரக் குறி. வேறுபாடு நடுவில் இருக்கிறது. ஒகரக் குறிக்கு யூனிகோடில் 3018 என்று தனி எண் உண்டு. அதையே கொம்புக்கு 3014, காலுக்கு 3006 என்று இரண்டாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்று யூனிகோட் தரமே சொல்கிறது. திரையில் வரையும்போது 3018ஐயும் உடைத்துத்தான் ஆக வேண்டும்; கொம்பு எழுத்துக்கு முன்னே, கால் பின்னே. அதனால்தான் எந்தக் கண்ணுக்கும் வேறுபாடு தெரியவில்லை. பழைய எழுத்துருக் குறியாக்கங்களில் கொம்பு, க, கால் என்று பார்வை வரிசையில் வைத்த எழுத்தை யூனிகோடுக்கு மாற்றும்போது, கொம்பை இடம் மாற்றிவிட்டுக் காலோடு சேர்க்காமல் விட்டால் இப்படித்தான் வரும்.

அண்ணாச்சிக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். எண்களைச் சொல்லி முடிக்குமுன் சிரித்தார். "தம்பி, ஈய எழுத்து கோக்கிறப்ப கொ எங்களுக்கு எப்பவும் மூணுதான். ஒரு கட்டத்துல கொம்பு, ஒரு கட்டத்துல க, ஒரு கட்டத்துல கால். கை மூணு எடத்துக்குப் போய்ட்டு வரும். அந்தப் பக்கத்துல யாரோ பழைய கம்பாசிட்டர் கோத்துருக்கான்."

ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் போதும். அதற்கு ஜாவாஸ்கிரிப்டில் நார்மலைஸ் என்று ஆயத்தமாகவே ஓர் ஆணை இருக்கிறது. ஒரு வரி சேர்த்து அனுப்பினேன். மறுநாளே பதிவு: "கோடு வருது. ஆனா பத்தி போகப் போக எடப்பக்கமா நழுவுது. முதல் வரில சரி. கடைசி வரில பக்கத்துச் சொல்லுக்கு அடில விழுது."

போகப் போக என்ற சொல்லில்தான் விடை. நான் தேடியது இணைத்த படியில். கோடு போடச் சொன்னதோ மூலப் பத்தியில். மூலத்தில் கொம்பும் காலுமாக இரண்டு எண் எடுக்கும் குறி, இணைத்த படியில் ஒரே எண். ஆகவே பத்தியில் கடந்துவந்த ஒவ்வொரு கொ, போ, தொ, மோ எழுத்துக்கும் என் கணக்கு ஓர் எண் பின்தங்கும். கடைசிக் கோட்டுக்கு முன் அப்படி எத்தனை எழுத்து என்று விரல்விட்டு எண்ணினேன். ஏழு. கோடு நழுவியதும் சரியாக ஏழு எண். மூன்று, நான்கு என்று இடையில் இருந்த கோடுகளையும் எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் அச்சாகப் பொருந்தியது. திருத்துவதை ஒத்திப் போட்டுவிட்டு, அந்தப் பத்தியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒகரமும் ஓகாரமும் வரும் இடமெல்லாம் கோடு ஒரு படி சறுக்கி, பிழை அந்தப் பத்தியின் ஓசையையே எனக்கு வாசித்துக் காட்டியது.

இணைத்த படியின் ஒவ்வோர் இடத்துக்கும் மூலத்தில் நேரான இடம் எது என்று ஓர் அட்டவணை போட்டு வைத்தேன். கோடுகள் தத்தம் சொல்லுக்கடியில் போய் உட்கார்ந்தன. சோதனைகளில் இன்னொரு பெயர் சேர்ந்தது: "கொம்பு, க, கால்".

கடைசியாக வந்தது ஒரு படம். பக்கத்தின் தலைப்பில் ஔவையார், கட்டுரைக்குள் ஒளவையார். சேமித்த சொல் தலைப்பில் இருப்பது. கட்டுரைக்குள் கோடு இல்லை. நார்மலைஸ் இங்கே உதவாது. தலைப்பில் இருப்பது ஔ என்ற ஓர் உயிரெழுத்து, 2964. உள்ளே இருப்பது ஒ, 2962. அதன் பக்கத்தில் ளகரம், 2995. ஔகாரத்தை உடைத்து எழுதவும் யூனிகோடில் வழியுண்டு. ஆனால் அதற்கு வேண்டியது 3031 என்ற தனிக் குறி, ளகரத்தைப் போலவே தோன்றுவது. ளகரமே ஆகாது. தட்டச்சு செய்தவர் கண்ணை நம்பி ளகரத்தைப் போட்டிருக்கிறார். இதையும் ஒன்றென்று கொள்ளும்படி ஒரு வரி எழுதி, அனுப்புமுன் அவரிடம் சொன்னேன்.

"அதச் சேத்துராதீங்க தம்பி," என்றார். குரலில் அவசரம். "கொ-வுல ரெண்டுமே சரி, கோத்த விதந்தான் வேற. இதுல ஒண்ணு பிழை. ரெண்டையும் ஒண்ணாக்கிட்டா பிழை எங்க இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

எழுதிய வரியை எடுத்துவிட்டேன். இப்போது உயிரெழுத்து நிற்க வேண்டிய இடத்தில் ஒகரமும் ளகரமும் நின்றால், அதன் அடியில் சிவப்பில் ஒரு நெளிகோடு விழுகிறது. ஒளி, ஒளிவு போன்ற சொற்களில் ளகரம் தன் உரிமையோடு வருமே என்று, எங்கெங்கே விடுவது என்ற பட்டியலையும் அவரே எழுதித் தந்தார். நெளிகோட்டின் கனத்தை மட்டும் இரண்டு முறை குறைக்கச் சொன்னார். எழுத்தின் அடியைத் தொடுகிறதாம்.